மெற்றில்டாவின் சீட்டு

சீட்டுக்கு ரசீது கேட்ட தமிழரை ஹவுன்ஸ்லோவில் இன்னும் ஒருவரும் கண்டதில்லை. மெற்றில்டா புதிதாகத் தொடங்கிய சீட்டும் அப்படித்தான். ஆளாளுக்குக் காசைக் கொடுத்தார்கள், அவள் தன் வங்கிக் கணக்கில் போட்டுவைத்தாள். எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை. முதல் சீட்டுக் காசு, சீட்டை நடத்துகிறவளுக்கு என்பது வழக்கம். அதையும் அவள், எல்லாரும் கட்டி முடிந்ததும் கொடுப்பதாக, ரமாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். ரமாவின் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இழுபட்டுக்கொண்டு கிடந்தது, லோயருக்குக் கட்டக் காசில்லை. வேலை செய்ய அனுமதியில்லாமல் சவுத்தாலில் ஒரு கடையின் பின்பக்கம் மரக்கறி வெட்டுகிற பிள்ளை, இந்த மாதக் காசையே இன்னும் கட்டவில்லை.

இதற்கிடையில் மெற்றில்டாவுக்கும் ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. சுப்பவைசர் ஒருவன் ஷிப்டுக்கு ஷிப்ட் வாய்க்கு வந்தபடி ஏச, ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பிடித்துத் தள்ளிவிட்டாள். விழுந்தவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. தற்காப்பு என்று வாதாடிப் பார்த்தும் எடுபடவில்லை, குற்றவாளி என்று ஆகிவிட்டது. தோற்றவள் கட்டவேண்டிய அரச தரப்பு லோயரின் செலவு மூவாயிரத்துச் சொச்சம் பவுண்ஸ். அதில் இவளால் எவ்வளவு கட்ட ஏலும் என்று பார்க்கக் கோர்ட்டில் வங்கிக் கணக்கைக் கேட்டார்கள். பார்த்தால் பத்தாயிரம் கிடக்கிறது. துப்புரவுக்காரிக்குப் பத்தாயிரம்! அது சீட்டுக் காசென்றால் யார் நம்புவார்கள்?

சீட்டுக்காரர் இரண்டு பேராவது வந்து சாட்சி சொன்னால் போதும், இல்லையென்றால் முழுவதையும் கட்டச் சொல்வார்கள் என்று அவளுடைய சொலிசிற்றர் சொன்னார். மெற்றில்டா போன் எடுத்தாள். ஒருத்திக்கு அரசாங்கம் தருகிற பெனிபிட் காசு போய்விடுமென்று பயம். சந்திரகுமாருக்கு ஷிப்ட். கோசிகாவுக்கு வழக்கன்றைக்குத் தலையிடியாம். அடுத்த கிழமை வரப்போகிற தலையிடி இப்போதே தெரிந்துவிட்டதாக்கும்! ரமாவிடம் மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மெற்றில்டா போனாள். காசு யாருடையது என்று நீதவான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை வாங்கில் ஒருத்தி எழும்பிக் கையை உயர்த்தினாள். ரமா! அடி பாவி, உன்னை யார் வரச்சொன்னது? பேரைக் கேட்பார்கள், காசு எங்கால் வந்தது, எங்கே வேலை என்று கேட்பார்கள். அதோடு அவள் கதை முடிந்தது.

"என்ர காசுதான்," என்றாள் மெற்றில்டா அவசரமாக. "முழுக்க என்ர காசு."

முழுச் செலவையும் ஒரு மாதத்துக்குள் கட்டச்சொல்லித் தீர்ப்பானது.

அவள் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. சீட்டுக் காசைத் தன்ர காசு என்று கோர்ட்டிலேயே சொல்லிவிட்டாளாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாட்சிக்கு வர நேரமில்லாதவர்கள் கட்டின காசைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்றார்கள். கோசிகாவின் தலையிடிகூட மாறியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லப்போனால் ரமாவின் சங்கதி ஊரெல்லாம் போகும். மெற்றில்டா வாயை மூடிக்கொண்டு எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தாள். பத்து வருசப் பழக்கம் அந்த வாசலிலேயே அறுந்துபோனது அவளுக்கு வலித்தது.

இப்போது உண்மையாகவே அவளிடம் காசில்லை. கோர்ட்டில் போய்ச் சொன்னால், அன்றைக்கு இருந்த பத்தாயிரம் எங்கே என்று கேட்பார்கள்.

கடைசியாக ரமா வந்தாள்.

"குடுக்க ஒண்டுமில்லையடி பிள்ளை," என்றாள் மெற்றில்டா.

"வாங்க வரேல்லை அக்கா." ரமா மடித்த நோட்டுகளை அவள் கையில் வைத்துப் பொத்தினாள். "இந்த மாசக் காசு. சீட்டு நிக்கப்படாது."

நோட்டுகளில் வெங்காய மணம் அடித்தது. மெற்றில்டா அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தவும் மறந்து, நின்றபடியே அழுதாள்.