முதல் குச்சி

அடுப்பில் சொருகிய மரவள்ளிக் குச்சி சீறிப் பால்நுரை கக்கியபோதே அம்சவள்ளி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் இன்னொன்றை ஒடித்தாள். விடாத மழையில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. மகள் ரமணிக்கோ உடம்பு அனலாய்க் கொதித்தது. பிள்ளைக்கு ஒரு வாய் கிழங்குக் கஞ்சியாவது வேண்டாமா?

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து, அரிசி கண்ணில் படாமல் போனபிறகு, சுங்கை லாலாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் கூலி லயத்துப் பெண்களாகக் கூடிச் செய்த ஏற்பாடு அது. கிழங்கைத் தின்னலாம், குச்சியைத் தொடக்கூடாது. வீட்டுக்கு ஒரு கட்டாக ரப்பர் ஸ்டோர் கூரைக்குக் கீழே நிறுத்தி, முறை போட்டுக் காவல் காத்தார்கள். குச்சி இருந்தால்தான் அடுத்த நடவு. நடவு இருந்தால்தான் வரும் வருஷமும் உலை கொதிக்கும்.

அன்றைக்குக் காவல் அம்சவள்ளியின் முறை. அவளுடைய கட்டு ஓரத்தில் நனைந்து நின்றது. உள்ளே நனையாமல் நின்றது மருதம்மாளுடையது. புருஷன் இருளப்பனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபின், இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் கிடப்பவள். எல்லாம் தெரிந்தேதான் அம்சவள்ளி அதை எடுத்தாள்.

மழை விட்டதும் நடவுக்குக் கூடினார்கள். மருதம்மாளின் கட்டைக் காணோம். பழி கடைசி வீட்டு அய்யாவுவின் ஆட்டின் மேல் விழுந்தது.

“எலைய மேயும், சரி. கட்டுன கயித்தயும் சேத்தா முழுங்கும் லா?” என்றார் அய்யாவு.

“ஒங்க ஆடு முழுங்கும்ண்ணே. ஒங்க வேட்டியவே தின்னுச்சே!” என்றாள் கூட்டத்தில் நின்ற புஷ்பவள்ளி.

எல்லோரும் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள். சிரித்த வாயைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அய்யாவு ஆட்டைக் கட்டிப்போட இழுத்துக்கொண்டு போனார்.

ஆளுக்குக் கொஞ்சமாக உருவி மருதம்மாளிடம் கொடுத்தார்கள். அம்சவள்ளி தன் கட்டில் பாதியையே கொண்டுபோய் வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். குனிந்து குச்சிகளை எண்ணி அடுக்கத்தான் செய்தாள்.

“இம்புட்டா? ஒனக்கு வேணாமாடி?”

“இருக்கட்டும்க்கா.”

“அப்ப மொத குச்சிய நீயே நடு. ஒங் கை ராசியா இருக்கட்டும்.”

கைராசிக்காரியைக் கூப்பிட்டு முதல் குச்சி நடவைப்பது அங்கே வழக்கம். அம்சவள்ளி தன் கையைப் பார்த்தாள். நக இடுக்கில் இன்னும் அடுப்புக் கரி. விரல்களை மடக்கிக்கொண்டு குனிந்தாள். எப்படியோ சேற்றில் குத்திவிட்டு எழுந்தாள்.

மருதம்மாள் அதைப் பிடுங்கினாள். குச்சி தலைகீழாக நின்றிருந்தது. கணுவின் முளை மேலே பார்க்கத் திருப்பி, அதே குழியில் ஊன்றி, காலால் மண்ணை அணைத்தாள்.

“ஈர வெறகுல கஞ்சி வேகாதுன்னு எனக்குந் தெரியும்டி,” என்றாள், நிமிராமலே. “ரமணிக்குக் காச்சல் எறங்கிடுச்சா?”

அம்சவள்ளிக்குக் காது இரண்டும் எரிந்தது. மருதம்மாள் அடுத்த குச்சியை அவள் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள். லயத்துப் பக்கம், கட்டிப்போட்ட ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.