வசனம் மட்டும் போடவும்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார், அவ்வளவுதான். "அன்றாட வாழ்க்கையில வேத வசனம்னு ஒரு பக்கத்துக்குக் கதை வேணும். கடைசியில எல்லாருக்கும் கண்ணு கலங்கணும்." அதற்கு வெங்காயம் போதுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'இளங்காலைச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி...' எனக்கே சகிக்கவில்லை.

2

ஒரு தையல்காரம்மா. தனியாக இருப்பவர். முதல் வரைவில் அவரைப் பொறுமையின் சிகரமாக்கியிருந்தேன். பொய். உடுப்பு இறுக்குகிறது என்று யாராவது வந்தால், "நீங்க சாப்பிட்டதுக்கு என் கத்தரிக்கோல் என்ன பண்ணும்?" என்று எகிறுகிற ஆள். பாடகர் குழுவின் அங்கிகள் அத்தனையும் அவர் தைத்தவை.

காலையில், வெட்டுமேசைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே வழுக்கி விழுகிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. கைக்கு எட்டியது போன் மட்டும். (அடுப்பில் பால் பொங்குவதாகவும் எழுதியிருந்தேன். மலிவான பரபரப்பு. நானே அணைத்துவிட்டேன்.)

3

சபையின் ஜெபக்குழு இப்போது போனில்தான் நடக்கிறது. அதற்கு ஒரே விதி: வசனம் மட்டும் போட வேண்டும், சொந்தக் கதை கூடாது. விதியை வகுத்தவர் குழுத்தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஆமென் அக்கா.

அந்த வலியிலும் தையல்காரம்மா விதியை மீறவில்லை. குழியில் கிடப்பவன் ஆண்டவரைக் கூப்பிடுகிற, வேதத்தின் சங்கீதப் புத்தக வசனம் ஒன்றைத் தேடிப் போடுகிறார். யாருக்காவது உறைக்காதா என்ற நம்பிக்கை.

"ஆமென்."

"ஆமென்."

"அருமை சகோதரி! இன்னைக்கு எனக்காகவே வந்த வசனம்!"

கூப்பிய கைகள். புறா. மலைமேல் சூரியன்.

அப்புறம்தான் குரல் பதிவு அனுப்புகிறார்: "ஐயோ, நெஜமாவே விழுந்து கிடக்கேன். எழுந்திரிக்க முடியல. யாராவது வாங்களேன்!"

ஆமென் அக்கா அதைக் கேட்காமலே நீக்குகிறார். "சகோதரி, வசனம் மட்டும் போடவும்."

4

[அவசர எண்ணுக்கு அழைக்கலாமே என்பீர்கள். அழைக்கலாம். ஆனால் விழுந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது 'நம்ம ஆளுங்க'தான். எதையும் கேலி செய்கிற எனக்கு இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை.]

5

முடிவு ஒன்று: கடவுளே இல்லை என்று வாதாடும் பக்கத்து வீட்டு மெக்கானிக் கதவை உடைத்து அவரைக் காப்பா... அடித்துவிட்டேன். அவருக்கும் ஒரு ஆமென் போட்டுவிட்டு வாசகர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள்.

முடிவு இரண்டு, ஆசிரியர் சொன்னது: "ஜெபம் பண்றாங்க, எழுந்து நிக்கறாங்க, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்றாங்க."

"இடுப்பு எலும்பு?"

"அதையெல்லாம் நம்ம வாசகர்கள் கேக்க மாட்டாங்க."

இதுவரை எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பினேன், முடிவில்லாமல். உடனே பதில் வந்தது: கூப்பிய கைகள், பக்கத்தில் ஒரு புறா.

6

ஆகவே முடிவு உங்களுடையது. தையல்காரம்மா இன்னும் தரையில்தான் கிடக்கிறார். வாக்கியம் எழுதி ஒருவரைத் தூக்கி உட்காரவைக்க என்னால் முடியாது. நீங்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறீர்கள். உங்கள் கட்டைவிரல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். போனைக் கீழே வையுங்கள். செருப்பை மாட்டுங்கள்.

பச்சைக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, பலமாகத் தள்ள வேண்டும்.