ஏரிக்கு இரண்டு அளவுகோல்

கணுக்கால் பிசகி ஒன்பது நாள் படுத்திருந்த அளவுக்காரி, பத்தாம் நாள் காலை நொண்டிக்கொண்டே நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினாள். ஏரிக்குள் நட்டிருந்த நீர்மட்டக் கம்பத்தின் கோட்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முப்பத்தாறு. நேற்று அவள் அலுவலகத்துக்குச் சொன்னதோ நாற்பத்து மூன்று.

எல்லைக்கோடு அந்த ஏரியின் நடுவே போகிறது. இந்தக் கரையில் ஒரு கம்பம், எதிர்க்கரையில் ஒரு கம்பம். இரண்டு அளவுக்காரர்களும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். ஒருநாள் இவள் முதலில் எண்ணைச் சொல்வாள், மறுநாள் எதிர்க்கரைக்காரர். இரண்டும் ஒத்துப்போனால்தான் செல்லும். இல்லாவிட்டால் முந்தின நாள் எண்ணே நிற்கும், கூட்டுக்குழு வந்து பார்க்க ஒரு மாதம் ஆகும். நாற்பதுக்குக் கீழே போனால் இரு கரையும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் பாதியை நிறுத்த வேண்டும். முப்பதில் குழாய் சேற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும், பிறகு இரண்டு ஊருக்கும் ஒரு சொட்டுக் கிடையாது.

படுக்கையில் இருந்தபடியே தினமும் முந்தின நாள் எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொல்லிவந்தாள். எதிர்க்கரைக்காரர் சொன்ன எண்ணும் ஒவ்வொரு நாளும் அதோடு ஒத்துப்போனது. அவர் உண்மையாகப் பார்த்திருந்தால் எப்படி ஒத்துப்போயிருக்கும்?

படியில் உட்கார்ந்தபடியே அழைத்தாள்.

"அண்ணே, நீங்களும் கீழ இறங்கலதானே?"

எதிர்முனையில் அவர் செருமினார். "கண்ணுல ஆபரேஷன்மா. நீ பாக்குறன்னு நம்பி நேத்துச் சொன்னதுல ஒண்ணு கழிச்சேன்."

"நானும் அதையேதான் செஞ்சேன். இப்ப கம்பத்துக்கிட்டதான் இருக்கேன். முப்பத்தாறு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தினம் ரெண்டு ரெண்டா குறைச்சுச் சொல்வோம். ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு ஓய்வுக்கு ரெண்டே மாசம்."

"நம்ம எண்ணு ஏரியை எட்டிப்பிடிக்கிறதுக்குள்ள சேறுதான் மிஞ்சும்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"வெள்ளம் இருந்தாச் சொல்லுங்க அண்ணே. நான் தனியாச் சொன்னா செல்லாது. உங்க கம்பத்தை யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, ஒரு பெண் குரல். "படியில பாத்து வைங்க காலை. கண்ணும் போய்க் காலும் போனா உங்களை யாரு தூக்குறது?" சற்று நேரத்தில் அதே குரல் தொலைபேசிக்கு அருகே வந்தது. "நான் அவர் வீட்டுக்காரிம்மா. இங்கயும் முப்பத்தாறுதான். வேற ஆளை அனுப்பச் சொல்லி எழுதிக் குடுங்கன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"போதும்டி, போனைக் குடு." அவர் குரல் தணிந்திருந்தது. "இன்னிக்கு நான் முதல்ல சொல்ற முறை. எழுதிக்கோ. முப்பத்தாறு."

"முப்பத்தாறு," என்றாள் அவள்.

மதியம் அவள் கரையில் இரண்டு மோட்டார்களில் ஒன்று நின்றது. அலுவலகத்தில் மேலதிகாரி விளக்கம் கேட்டு ஒரு தாளை மேசையில் போட்டுவிட்டுப் போனார். அவள் பேனாவைத் திறக்காமல் ஜன்னல் பக்கமாகக் காதை வைத்திருந்தாள். எதிர்க்கரை இரைச்சல் அப்படியே இருந்தது. கால் மணி நேரம் கழித்து அதுவும் பாதியாகத் தணிந்தது.

அவள் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள்: "நான் ஒன்பது நாள் படி இறங்கவில்லை."