அரை கிராம் பொடி, தினமும் கொஞ்சம் கூடுதல்

எட்டு மாதம் தலைகீழாக நின்று மேடம் தன் ஆய்வகத்தில் செய்து முடித்தது அரை கிராம் பொடி. பார்த்தால் பல் துலக்கக்கூட ஆகாது. ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் கோடிக்கணக்கில் இருந்தன. மூலைக்கு ஓர் உலோக அணு, நடுவே கரிமக் கம்பிகள் என்று கட்டியவை. செனானும் கிரிப்டானும் கலந்த வாயுவை அதன் வழியே விட்டால் பருத்த செனான் கூண்டில் மாட்டிக்கொள்ளும், மெலிந்த கிரிப்டான் நழுவிப் போய்விடும். இரண்டுமே எதனோடும் ஒட்டாத வாயுக்கள். வழக்கமான முறையில் பிரிக்க வேண்டுமென்றால் உறைய உறையக் குளிரவைத்துச் சாக வேண்டும்.

இந்த மாதிரிப் பொடிகளை மற்றவர்களும் செய்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் அவை படுத்துவிடும். தன் பொடி படுக்காது என்று மேடம் எழுதினாள், அது அச்சிலும் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் ஈரக் காற்றில் வைத்துப் பார்த்த தைரியம். அடுத்த மாதம் வெளியூர் ஆய்வகம் ஒன்று அதைச் சோதிக்கப் போகிறது. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருடக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வினை ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. புட்டியின் மூடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. "நான் இவ்வளவு இறுக்க மாட்டேனே." பொடியை முழுவதும் தராசுத் தட்டில் கொட்டி எடை பார்த்தாள். ஐந்நூறு மில்லிகிராம் இருக்க வேண்டியது, ஐந்நூறும் கூட அரையும் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

குறைந்திருந்தால் திருட்டு என்று நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். கூடினால்? யாரோ எதையோ கலக்கிறார்கள்! சோதனையில் பொடி பல்லிளிக்க வேண்டும் என்று ஒரு மகராசி கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மகராசி யார் என்பதில் மேடத்துக்குக் குழப்பமே இல்லை. அந்த அறையின் இன்னொரு சாவி நாத்தனாரிடம் இருந்தது. கணவரின் தங்கை, வாயு உருளைகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்பவள், மேடம் சொல்லித்தான் வேலைக்கே சேர்ந்தவள், அதே வீட்டு மாடியில் குடியிருப்பவள். போன மாதம் ஆய்வக இயக்குநரோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மேடம் மூடிமேல் காகிதப் பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். காலையில் பட்டை கிழியாமல் இருந்தது, எடை மட்டும் ஏறியிருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் சந்தேகம் அங்கேயே செத்திருக்கும். மேடத்துக்கோ வலுத்தது. பட்டையைக் கிழியாமல் பிரித்து ஒட்டும் அளவுக்குக் கைகாரி! தினமும் பொடியைக் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் அந்நியத் துகள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அண்ணி, அதைச் சும்மா சும்மா தொறந்து கொட்டாதீங்க," என்றாள் நாத்தனார் ஒருநாள். "காத்து படுதுல்ல."

"என் பொடிக்குக் காத்தும் ஒண்ணுதான், ஈரமும் ஒண்ணுதான். உனக்கு ஏன் வலிக்குது?"

"எனக்கென்ன வலி? நல்லதுக்குச் சொன்னேன்."

நல்லதுக்காம். கொட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம், வேறென்ன?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "அவளுக்கு இதெல்லாம் வராது. விடு," என்றார்.

"உங்க தங்கச்சின்னதும் கண்ணு மறைக்குது."

மூன்றாம் வாரம், மொத்தம் ஒன்பது மில்லிகிராம் கூடியிருந்தபோது, மேடம் தேதிவாரியாக எடைகளை எழுதி இயக்குநரிடம் நீட்டினாள். புதன்கிழமை நாத்தனாரின் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மேடத்துக்கு அது திமிராகத் தெரிந்தது.

இயக்குநர் தாராளமாக இருந்தார். "கலப்படம்னு எழுதிடலாம். சோதனையை ஆறு மாசம் தள்ளி வைக்கச் சொல்றேன். புதுசா பண்ணிக்குங்க."

அன்று மாலை மேடம் புட்டியைத் தன் இழுப்பறையில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வியாழன் காலை எடை பார்த்தாள். அரை மில்லிகிராம் ஏறியிருந்தது.

முதலில் காவலாளி நினைவுக்கு வந்தார். பிறகு இயக்குநர். பிறகு பெருக்க வரும் அம்மா. அந்த அம்மாள் ஒரு வாரமாக விடுப்பில் இருந்தாள். மிச்சமிருந்தது பொடி ஒன்றுதான். அதை அவள் இதுவரை சந்தேகித்ததே இல்லை.

பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சியெடுத்துச் சூடாக்கினாள். குழாயின் குளிர்ந்த முனையில் மெல்ல மெல்ல நீர் பூத்தது. ஆறிய பின் எடை பார்த்தாள். ஐந்நூறு. இம்மி பிசகாமல் ஐந்நூறு. கலப்படம் ஆவியாகிப் போகாது. வாயுக் கலவையை விட்டுப் பார்த்தாள். செனானும் கிரிப்டானும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே வெளியே வந்தன. கூண்டுகள் இடிந்துவிட்டிருந்தன. தினம் அரை மணி நேரம் தட்டில் கொட்டி, ஈரக் காற்றைக் குடிக்கவைத்து இடித்தவள் அவளேதான்.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். குழாயைத் துடைத்து வைத்தால் தடயமே இருக்காது. கலப்படம் என்று கோப்பில் இருக்கும், ஆறு மாதம் கிடைக்கும், அச்சில் வந்த பெயரும் நிற்கும். இந்த யோசனையோடு மேடம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்து அவள் பின்னால் ரொம்ப வெட்கப்பட்டாள்.

பிறகு இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"யாரும் எதையும் கலக்கல, சார். பொடி தண்ணி குடிக்குது. நான் எழுதினது தப்பு."

அவர் எடைப் பட்டியலை அவளிடமே திருப்பி நீட்டினார். "சோதனையைத் தள்ளி வைக்கக் காரணம் இல்லாமப் போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

வீட்டுக்கு வந்து மாடியேறினாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: எடை, நீர், இடிந்த கூண்டுகள், இயக்குநர். நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றும் சொன்னாள். "என்னை மன்னிச்சுடும்மா," என்றாள்.

நாத்தனார் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"நேத்து நான் போன பிறகு எடை ஏறாம இருந்திருந்தா, அண்ணி, இந்தப் படி ஏறி வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரிந்திருந்தது.