மூன்று வீட்டுக்கு ஒரு வீடு

கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அழகரத்தினம் அந்த வருட விடுமுறைக்கு ஆரையம்பதிக்கு வந்தபோது, ஊருக்கு அவனால் ஏதோ பெரிய நன்மை நடக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஊர் அவனைக் கேட்கவில்லை. அதனால் என்ன? கேட்காமலே நன்மை செய்கிறவர்கள்தானே பெரியவர்கள்!

அவனுடைய துரை, அதாவது பேராசிரியர், ஒரு வேலை கொடுத்தனுப்பியிருந்தார். மட்டக்களப்புப் பக்கத்தில் குலப்பிரிவான குடி தாய்வழியாக வருகிறது, வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்குப் போகின்றன. இதை வீடு வீடாகப் போய் விசாரித்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். விசாரிப்பதற்கும் முறை உண்டாம். இஷ்டப்பட்ட வீட்டுக்குள் நுழைந்தால் அது ஆராய்ச்சி அல்ல, ஊர்சுற்றல். ஆகவே மூன்று வீட்டுக்கு ஒரு வீடாக எண்ணிப் போக வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கினால் பதில் கெட்டுப்போகும். சொந்தக்காரர் வீட்டுப் படியை மிதிக்கவே கூடாது. அவர்கள் முகத்துக்காகப் பேசுவார்கள். அழகரத்தினம் இவற்றைத் தேவாரம் போல மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான்.

வந்த அன்றே அம்மா சொன்னாள்: "மனே, மாமா வீட்டுக்கு ஒருக்காப் போயிட்டு வா. கரடியனாத்தால ஆக்கள் வந்து அன்னப்பூரணியப் பொண்ணு கேட்டுட்டுப் போயிருக்காங்க."

அன்னப்பூரணி மாமா வினாயகமூர்த்தியின் மகள். அவளைத்தான் கட்டப்போகிறோம் என்பது அழகரத்தினத்துக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். ஊருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை; சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார்களா? கொழும்பில் மழை பெய்த மாலைகளில் அவன் நினைத்ததெல்லாம் அவளைத்தான். அவளுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை என்பது வேறு விஷயம்.

"அவள் எங்க போகப்போறாள்? ஆராய்ச்சி முடியட்டும், மறுகா போறன். இப்ப அங்க போகக்கூடாது, முறையில்லை" என்றான்.

"மாமா வீட்டுக்குப் போறதுக்கு என்ன முறை?" என்று அம்மா கேட்டாள். படிக்காதவளுக்கு எப்படி விளக்குவது என்று மகன் பெருமூச்சு விட்டான்.

முதல் வீடு ஆச்சிப்பிள்ளையின் வீடு. அவளுக்கு மூன்று பெண்கள். அழகரத்தினம் வெள்ளைக் காற்சட்டையோடு பாயில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டாமல், முறைப்படி கேட்டான். "உங்கட குடி என்ன? இந்த வளவு ஆருட பேரில? கலியாணம் முடிக்காத பொம்புளப்புள்ளகள் எத்தின பேர்? அவங்களுக்கு என்ன குடுக்கிறதா யோசிச்சிரிக்கீங்க?"

கலியாண வயதில் ஒரு படித்த பையன், முழுகித் தலைசீவி வந்து, இந்த நான்கு கேள்வியையும் இந்த வரிசையில் கேட்டால் மட்டக்களப்பில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அது தெரியாதவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

ஆச்சிப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "தேத்தண்ணி வை கா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். வெற்றிலை வட்டா வந்தது. சட்டித் தயிர் வந்தது. மூத்த பெண் வந்து சும்மா கதவோரம் நின்றுவிட்டுப் போனாள். ஊருக்கு வெளியே வட்டை என்கிற வயல்வெளியில் அவர்களுக்கு இருந்த நிலம் பதிலுக்குப் பதில் வளர்ந்தது; வேலிக்கு அப்பால் கட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பசுவையும் ஆச்சிப்பிள்ளை தன்னுடையது என்று கைகாட்டிவிட்டாள். 'இவ்வூர் மக்கள் ஆராய்ச்சிக்கு மிகுந்த ஒத்துழைப்புத் தருகிறார்கள்' என்று அழகரத்தினம் எழுதிக்கொண்டான். நான்காவது வீட்டில் இறால் பொரியலும் கிடைத்தது. ஒத்துழைப்பு மேலும் பெருகுவதாக எழுதினான்.

நடுவில் விடுபட்ட வீடுகளில்தான் புகைந்தது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒழுங்கையில் அவனை மறித்தார்.

"தம்பி, எங்கட வீட்டைத் தாண்டிப் போறீங்களே, எங்கட குடியில என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை அண்ணே. எண்ணிக்கை அப்படி வருது. மூண்டு வீட்டுக்கு ஒரு வீடு."

"எண்ணிக்கையோ? அந்த வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு கண், எங்கட புள்ளைக்கு ஒண்டோ?"

அறியாமை என்று அவன் மனதுக்குள் இரக்கப்பட்டான். அவன் இரக்கப்பட்டது தனக்காக என்றால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அப்படியே எண்ணிக்கொண்டு போனபோது எண்ணிக்கை ஒரு வேலிப் படலையின் வாசலில் வந்து நின்றது. அது மாமா வீட்டுப் படலை. முற்றத்தில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அன்னப்பூரணி நிமிர்ந்தாள். தலையை அவசரமாக முடிந்துகொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். அழகரத்தினத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே! சொந்தக்காரர் வீடு ஆகாது. ஆசையை அடக்கிய அறிஞனாக அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான். அங்கே கலியாணம் முடிக்காத பெண்கள் இரண்டு பேர். தன்னுடைய நேர்மையை நினைத்து அன்று முழுவதும் அவனுக்கே புல்லரித்தது.

அந்த வாரக் கடைசியில் ஆச்சிப்பிள்ளை ஒரு வாழைக்குலையோடு அவன் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுக்குப் பாய் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான்காவது வீட்டுக்காரர்கள் பலகாரப் பெட்டியோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏழாவது வீடு. ஒரே முற்றத்தில் ஒருவரை ஒருவர் கண்டதும் சண்டை தொடங்கிவிட்டது.

"என்ர வீட்டதான் முதல்ல வந்தவர்!"

"வந்தென்ன? எங்கட வீட்டதான் இறால் தின்டவர்!"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டாள். "அட பாவி, ஊருல உள்ள பொட்டையளெல்லாத்தையும் கேட்டிரிக்கியே! அங்க மாமா வீட்டுக்கு மட்டும் போகல்லியே!"

அப்போதுதான் அவனுக்கு வெளித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது மன்னிக்கலாம். இவன் நெய்க்குக்கூட அலையவில்லை, ஒரு கட்டுரைக்கு அலைந்திருக்கிறான். சால்வையை எடுக்கவும் மறந்து ஓடினான்.

மாமா வாசலில் இருந்தார். வழக்கமாக "வாடா" என்கிறவர் எழுந்து, "வாங்க தம்பி, இரிங்க" என்றார். அந்த மரியாதையைக் கேட்டதும் அழகரத்தினம் விருந்தாளி மாதிரிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாமா மெல்ல வளவுப் பக்கம் போய்விட்டார். அன்னப்பூரணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அது ஆராய்ச்சி" என்றான். "நான் பொண்ணு கேட்டுப் போகல்ல, பூரணி. சத்தியமா. துரை எழுதச் சொன்னவர்."

"தெரியும் மச்சான். ஊருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். உங்கட மூளை எப்படி ஓடும் எண்டு சின்னனிலயிருந்து பாக்கிறன்தானே."

அவனுக்கு உயிர் வந்தது. "அப்ப சரிதானே! மாமாட்ட இண்டைக்கே கதைக்கிறன்."

"அப்பா நேத்து கரடியனாத்து ஆக்களுக்கு வாக்குக் குடுத்திட்டார். என்னட்டக் கேட்டுத்தான் குடுத்தவர்."

தேத்தண்ணியில் ஆடை படிந்தது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேள்வி கேட்ட வாய்க்கு ஒரு கேள்வி வர இவ்வளவு நேரம் பிடித்தது.

"உனக்கு என்னில விருப்பமில்லையா?"

"இருந்தது."

"எப்ப வரைக்கும்?"

அன்னப்பூரணி வெளியே படலையைப் பார்த்தாள். "அண்டைக்கு அதில நிண்டு என்னைப் பாத்தீங்களே, அது வரைக்கும். ஆராய்ச்சியோ என்னவோ, உள்ளுக்கு வந்து என்னட்டயும் ஏதாவது கேப்பீங்க எண்டுதான் ஓடி வந்தனான். நீங்க சிரிச்சுப்போட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டீங்க."

அவள் உள்ளே போனாள். அவன் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தான். அழக்கூடாது என்பதற்காகத்தான் குடித்தான்.