மிதித்தால் நிற்கும் கார்

ஒச்சப்பனுக்குப் பழைய கார்கள்மேல் எந்தக் குறையும் கிடையாது. அவற்றை வாங்குகிறவர்களைத்தான் அவருக்குக் கண்டாலே ஆகாது. அரிசி மண்டிக்காரரும் இஞ்சி வியாபாரியும் ஓட்டிய காலத்தில் அந்த வண்டிகளுக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது வாங்குகிறவர்கள் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். வாரத்தில் ஆறு நாள் ஏசி பஸ்ஸில் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அந்தக் காரின் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சாய்வதற்கு ஒரு சுவர் போதாதா என்று ஒச்சப்பன் நினைப்பார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. சுள்ளிக்கல்லில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை போட்டு ஒண்டி ஆளாக ஒர்க்ஷாப் நடத்துகிறார். கார்பரேட்டர் வண்டி என்றால் மட்டாஞ்சேரி முழுக்க அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால் வந்த கெடுதல்தான் இது.

கிருஷ்ணபிரசாத் முதல் தடவை வந்தபோது அவன் கையில் நீல ரப்பர் கையுறை இருந்தது. காரை ஓட்டிக்கொண்டு வந்தவன், இறங்கிய பிறகும் அதைக் கழற்றவில்லை. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் நாலு தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முப்பத்தெட்டு வயது, அந்தக் காக்கநாட்டுக் கூட்டத்தில் ஒருவன். கார் தொண்ணூற்றொன்றாம் வருடத்தியது, வெண்ணெய் நிறம், தயாரித்த கம்பெனி இப்போது இல்லை.

"நமஸ்காரம் சேட்டா. ஐடிலிங் சரியாகலை. ஒரேயடியா வெறைக்கறது, குலுங்கறது. அப்பறம் சவிட்டறச்சே ஓஃப் ஆயிடறது."

தமிழனுக்குத் தமிழன் சேட்டனா? ஒச்சப்பன் அதை முதல் குற்றமாக எழுதிக்கொண்டார்.

"சரி சார், பாத்துக்கிருவோம்."

"நான் கொஞ்சம் வாசிச்சு வெச்சிருக்கேன்," என்று அவன் நாலாக மடித்த தாள்களை நீட்டினான். ஃபோனில் ஏதோ குழுவிலிருந்து எடுத்த அச்சு. அங்கங்கே பச்சை மையில் கோடு போட்டிருந்தது. "மிக்ஸ்சர் லீன் ஆயிருக்குமோன்னு ஒரு சந்தேகம். வாக்வம் லீக்கும் ஆகலாமாம்."

ஒச்சப்பன் அந்தத் தாளை வாங்கி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை அதில் துடைத்து, தாளைத் தரையில் போட்டார். கிருஷ்ணபிரசாத் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததற்கும் சேர்த்தே ஒச்சப்பனுக்கு அவன்மேல் இளக்காரம் வந்தது. எங்கள் ஊரில் ஒருத்தன் தாளை இப்படிச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பானே.

வேலையில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிப் பிரித்தார். மிதவைக் கிண்ணத்தில் காப்பிப்பொடி மாதிரி வண்டல். ஸ்லோ ஜெட்டில் பாதி அடைப்பு. எல்லாவற்றையும் கழுவி, காற்றடித்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். பிளக்குகளைச் சுரண்டினார், பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். எங்காவது காற்று இழுக்கிறதா என்று கார்பரேட்டர் அடியிலும், எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் மேனிஃபோல்ட் ஓரத்திலும் துளித்துளியாகப் பெட்ரோல் விட்டுச் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தார். மாறவில்லை. கடைசியில் ஸ்க்ரூவைத் திருகித் திருகி எஞ்சினை ஒரு சீருக்குக் கொண்டுவந்தார். வண்டி பூனை மாதிரி மெல்ல உறுமியது.

தோப்பும்படி வரைக்கும் தானே ஓட்டிப்போய்த் திரும்பினார். நிற்கவில்லை, விக்கவில்லை. பிரேக் மிதி கொஞ்சம் கட்டியாக இருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.

நாலாம் நாள் கிருஷ்ணபிரசாத் மறுபடி வந்தான். கையுறை இல்லை, அந்த மட்டுக்கும் முன்னேற்றம்.

"இப்போ வெறையல் கொறஞ்சிருக்கு சேட்டா. ஆனா சவிட்டறச்சே ஓஃப் ஆறது மாறலை."

சவிட்டுகிறது என்றால் மிதிக்கிறது. ஒச்சப்பனுக்குக் காரில் மிதிப்பது என்றால் ஆக்சிலேட்டரைத்தான். லாரி ஓட்டிய காலத்தில் 'நல்லா மிதிடா' என்றுதான் எல்லோரும் கத்துவார்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் அணைகிறதென்றால் கார்பரேட்டரில் உள்ள பம்ப் சரியாகப் பெட்ரோல் பீச்சவில்லை. அதைக் கழற்றினார். நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் ரப்பரை மாற்றினார். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற ஐடில் வேகத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்தார். மறுபடி தோப்பும்படி. மறுபடி ஒன்றுமில்லை.

"சார், நான் ஓட்டுனா நிக்கல. நீங்க ஓட்டுனா நிக்கிது. வண்டியில கோளாறா, ஆள்ல கோளாறா, நீங்களே சொல்லுங்க."

பக்கத்துப் பஞ்சர் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிருஷ்ணபிரசாத்தும் சேர்ந்து சிரித்துவைத்தான். காது சிவந்திருந்தது.

"அப்படியும் ஆயிருக்கும். எனக்கு ஓட்டிப் பழக்கம் போராது. இருந்தாலும் நீங்க ஒரு வாட்டி எங்கூட—"

"கிளச்ச மெதுவா விடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

மூன்றாவது தடவை அவன் ஃபோனில் கூப்பிட்டான். அதே வாக்கியம், அதே சவிட்டறச்சே. ஒச்சப்பன் ஃபோனை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு அம்பாசடருக்கு அடியில் படுத்து வேலையைத் தொடர்ந்தார். குரல் ஈ மாதிரி கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. அந்நேரம் மத்தியானச் சோறு கொண்டுவந்து நின்ற அவர் பெண்டாட்டி மாயம்மாள் கேட்டாள்.

"யாரு அது, பாவம், அம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தது?"

"ஒரு காரு ஓட்டத் தெரியாத பய," என்றார் ஒச்சப்பன்.

அடுத்த வாரம் காரை வேறு யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன் பம்பர் உள்ளே போயிருந்தது, ஒரு விளக்கு இல்லை. கூட ஆட்டோவில் வந்து இறங்கியவள் கிருஷ்ணபிரசாத்தின் மனைவி அஞ்சனா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். கொட்டகையின் வாசலில் நின்று, எண்ணெய்த் தரையையும் ஒச்சப்பனையும் ஒரே பார்வையில் பார்த்தாள். தான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது என்று அவருக்கு உடனே தெரிந்தது. தன்மேல் விழுந்தபோது அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"நீங்கதானே ஒச்சப்பன்?"

"ஆமாங்க. என்ன ஆச்சு?"

"திருப்பூணித்துறை கோவிலுக்குப் போயிண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பாலம் எறங்கறச்சே கீழ சிக்னல். சவிட்டினேன், எஞ்சின் ஓஃப் ஆயிடுத்து. பிரேக் கல்லு மாதிரி ஆயிடுத்து. ரெண்டு காலையும் வெச்சுச் சவிட்டினேன், ஹேண்ட்பிரேக்கையும் வலிச்சேன். ஆட்டோவோட பின்னால போய் இடிச்சுது. ஆட்டோக்காரருக்கு ஒண்ணும் இல்லை. எங்க மாமியாருக்கு நெத்தில மூணு தையல்."

ஒச்சப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அம்மா, சவிட்டினேன்னா... எத?"

"எதையா? பிரேக்கை! வேற எதைச் சவிட்டுவா?"

பதினெட்டு வருடம். பஸ்ஸில் டிரைவர் திடீரென்று நிறுத்தினால் 'என்னா சவிட்டாணு' என்று பின்னாலிருந்து ஜனங்கள் கத்துவதை எத்தனை நூறு தடவை கேட்டிருக்கிறார். இந்த ஊரில் வெறுமே சவிட்டு என்றால் பிரேக்குதான். அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. வேறு யாராவது சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சொன்னது கையுறை போட்டுக்கொண்டு வந்தவன் என்பதால், அவன் வாயிலிருந்து வருவதில் பாதிதான் அவர் காதுக்குள் போனது.

"நான் ஓட்டிப் பாத்தேன்மா. நிக்கவே இல்ல."

"அவரோட ஒரு வாட்டியாவது வண்டில உக்காந்து பாத்தேளா? அவர் ஓட்ட, நீங்க பக்கத்துல?"

ஒச்சப்பன் உள்ளே போயிருந்த பம்பரைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணினா ஆகும். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலை. கேறுங்கோ," என்று பக்கத்து சீட்டைக் காட்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

சந்துக்குள் இருபது அடி போவதற்குத்தான் இடம் இருந்தது. நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். எஞ்சின் சீராகத்தான் ஓடியது. அவள் பிரேக்கில் கால் வைத்ததும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து, பாம்பு மூச்சு விடுவது போல, ஒரு ஸ்ஸ். எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. ஒச்சப்பன் மடங்கி, தலையை அவள் காலடிப் பக்கம் கொண்டுபோய், மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மறுபடி ஸ்ஸ். மறுபடி அணைந்தது.

தான் ஓட்டும்போது ஏன் நிற்கவில்லை என்பதும் அங்கேயே குனிந்தபடி புரிந்தது. அணைந்து அணைந்து போகும் ஓட்டை லாரிகளில் தொழில் கற்றவர் அவர். பிரேக்கை அழுத்தும்போதே குதிகாலால் ஆக்சிலேட்டரையும் தொட்டுக்கொண்டிருப்பது அவர் காலுக்குப் பழகிப்போன விஷயம். அணையப் போகிற எஞ்சினைத் தன் குதிகாலாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு தோப்பும்படிக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறார். வந்து இறங்கி, ஓட்டத் தெரியாதவன் என்று அவனைச் சொல்லியிருக்கிறார்.

பானட்டைத் திறந்தார். பிரேக் மிதிக்கு நேரே, தடுப்புத் தகரத்தில், சட்டி மாதிரி உருண்டையாக பூஸ்டர் இருந்தது. மிதிக்கிற காலுக்கு உதவியாக எஞ்சினின் உறிஞ்சலை வாங்கிக்கொள்கிற சாமான். அதிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு ரப்பர் குழாய் போயிற்று. ஐடிலைப் பழையபடி இறக்கினார். எஞ்சின் நடுங்கத் தொடங்கியது. இடுக்கியால் அந்தக் குழாயை இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் அப்படியே நின்றது. விட்டார், நடுங்கியது. பிடித்தார், நின்றது. பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. சும்மா நிற்கும்போது கொஞ்சமும், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் நிறையவும் அது வழியாக எஞ்சின் வெறும் காற்றைக் குடிக்கிறது. அதைக் குடித்தால் பெட்ரோல் எப்படி எரியும்? எஞ்சின் அணைந்தால் பிரேக்கில் என்ன உதவி இருக்கும்?

பச்சைக் கோடு போட்ட தாளில் வாக்வம் லீக், எங்கோ காற்று இழுக்கிறது, என்றுதான் இருந்தது. அவர் பெட்ரோல் விட்டுத் தேடிய இடங்களில் இது இல்லை. தேடாத இடத்தைத் தேடச் சொல்லி அந்த ஆள் மூன்று தடவை வாய் விட்டுக் கேட்டிருந்தான்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றாள் அஞ்சனா.

"கண்டுபிடிச்சாச்சு."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

அவர் இடுக்கியைத் துடைத்தார். அவள் மணி பார்த்தாள். பிறகு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கம்பெனிச் சாமான் இப்போது எங்கும் கிடைக்காது. ஒச்சப்பன் இரண்டு நாள் கொட்டகையைப் பூட்டிவிட்டு எர்ணாகுளத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். வைட்டிலா பக்கத்தில் ஒரு கடையில், துருப்பிடித்த குவியலுக்கு அடியில், அளவு பொருந்தும் ஒரு பூஸ்டர் கிடைத்தது. பிரித்து, சவ்வும் வால்வும் புதிதாகப் போட்டார். பம்பரை நிமிர்த்தி விளக்கு மாட்டினார். பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குதிகாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் பிரேக்கை மிதித்து மட்டாஞ்சேரி மார்க்கெட் நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டினார். ஒரு இடத்திலும் அணையவில்லை. மிதி வெண்ணெய் மாதிரி இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். கிருஷ்ணபிரசாத் வாசலுக்கு ஓடி வந்தான். நெற்றியில் கட்டோடு அவன் அம்மா கமலாக்ஷி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சனா உள்ளே ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர்தான் நான் சொன்ன ஒச்சப்பன் சேட்டன். கொச்சியிலேயே இவரை மாதிரி ஒரு மெக்கானிக் கெடையாது. எப்படிக் கண்டுபிடிச்சுட்டார் பாத்தேளா!"

அவன் முகத்தில் சூதுவாது எதுவும் இல்லை. இந்த ஆளுக்குக் கோபமே வராதா என்று ஒச்சப்பனுக்கு எரிச்சல் வந்தது.

கமலாக்ஷி மகனைப் பார்த்துச் சூள் கொட்டினாள். "நீ நேரே, சரியாச் சொல்லியிருந்தா அவர் மொதல்லயே கண்டுபிடிச்சிருப்பார். ஒனக்கு எதைத்தான் சொல்லத் தெரியும்? சின்ன வயசுலேர்ந்தே இப்படியாக்கும்."

கிருஷ்ணபிரசாத் தலையைக் குனிந்தான். மறுபடி காது சிவந்தது. பஞ்சர் கடைக்காரர்கள் சிரித்த நாளில் இருந்த அதே சிவப்பு.

"இல்லம்மா," என்றார் ஒச்சப்பன். குரல் வேண்டியதைவிட உரக்க வந்துவிட்டது. "சாரு சரியாத்தான் சொன்னாரு. மொத நாளே சொன்னாரு. மூணு வாட்டி சொன்னாரு. நாந்தேன் காதுல வாங்கல. இந்த ஆளுக்கு என்ன தெரியும்னு திமிரா இருந்துட்டேன். ஒங்க நெத்தியில தையல் போட்டது எங்கையிதேன்னு வச்சுக்கங்க."

உள்ளே தாள் புரளும் சத்தம் நின்றது.

கமலாக்ஷி நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "சாயா குடிச்சுட்டுப் போங்கோ," என்றாள்.

"வேணாம்மா."

கிருஷ்ணபிரசாத் கூடவே கேட் வரைக்கும் வந்தான். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "சேட்டா, கார்பரேட்டரை நானே ஒரு வாட்டி கழட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். வீடியோல ரொம்ப சிம்பிளா—"

"அதுல கைய வச்சீங்க, நான் வந்து ஒடிச்சுப்புடுவேன்."

அவன் சிரித்தான். இந்தத் தடவை ஒப்புக்குச் சிரித்துவைத்த சிரிப்பு இல்லை. ஒச்சப்பன் சிரிக்கவில்லை.

ஜன்னலுக்குள் அஞ்சனா சிவப்புப் பேனாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையசைப்பாவது கிடைக்கும் என்று அவர் ஒரு கணம் நின்றார். அவள் முகத்தில் எதுவும் இளகவில்லை. திரும்பிப் போய் அடுத்த தாளை எடுத்தாள். இளகாதது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், ஒச்சப்பன் சுள்ளிக்கல்லுக்கு நடந்தே போனார்.