இடது கை

மார்னி ஈரப் பஞ்சால் அப்பாவின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை மறுபடியும் எழுந்தது. காதைத் தொட்டது. மார்பில் தட்டியது. மூக்கை வழித்துவிட்டு மெத்தையில் விழுந்தது.

"என்னப்பா? தண்ணியா? வலிக்குதா?"

மூளையில் வந்த கட்டி அப்பா வெர்னனின் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாகக் கிறுக்கினார். இந்தக் கை மட்டும் ஓயவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், "இன்னைக்கோ நாளைக்கோ" என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குள் இந்தக் கை என்ன கேட்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமலே அவரை அனுப்பிவிட்டால் மீதி ஆயுசு பூராவும் அதுவே நெஞ்சை அறுக்கும். மார்னிக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஊர்க் கல்லூரியில், ஹெல்மெட் மாட்டி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அவர் துணைக் கோச்சாக இருந்தவர். மைதானத்தின் ஓரத்தில் நின்று, அடுத்து என்ன ஆட வேண்டும் என்று பையன்களுக்குக் கையாலேயே சொல்வதுதான் அவர் வேலை. அரங்கமே தொண்டை கிழியக் கத்தும்போது குரல் எங்கே எடுபடும்? எதிரணிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அந்தச் சைகைகளை வீட்டில்கூடக் காட்ட மாட்டார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் பழகுவார். "உள்ள என்ன, ஈ ஓட்டுறீங்களா? பொண்ணுக்கு ஸ்கூல் பஸ் வந்துரும்!" என்று அம்மா கதவை இடிப்பாள். மார்னி பல் துலக்காமலே பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. அந்த அம்மாவும் போய்விட்டாள், அந்தக் கண்ணாடியும் ரசம் போய்க் கிடக்கிறது.

இன்றைக்கும் சனிக்கிழமை, ஆட்ட நாள். அரங்கத்துப் பக்கமிருந்து பேண்டு வாத்தியத்தின் முரசு கேட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் சாசேஜ் சுடும் வாசனை ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது. சின்ன வயதில் அந்த வாசனை வந்தாலே அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

ஜன்னலோரம் டெரல் நின்றிருந்தான். அப்பாவின் பையன்களிலேயே பேர்போனவன். நடுவில் நின்று பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தியவன், பிறகு தொழில்முறை அணிகளில் ஆடிச் சம்பாதித்து, முழங்கால் போய் ஊர் திரும்பியவன்.

"நீ இந்தக் கையைப் பாத்துத்தானே ஆடினே டெரல்? உனக்குமா புரியல?"

"வாராவாரம் மாத்துவாரு மார்னி. அப்புறம் பெரிய டீமுக்குப் போனேனா, அங்க கையாவது காலாவது! ஹெல்மெட்டுக்குள்ளயே கோச் பேசுவாரு. எல்லாம் மறந்துபோச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கோச்சோட கையை முழுசாப் படிச்சவன் ஒருத்தன்தான். அவன் பேரை எடுத்தா இவரு எந்திரிச்சு வந்து உதைப்பாரு."

லோவல். ஆற்றுக்கு அக்கரையிலிருந்த கல்லூரியில் கோச்சாக இருந்தவன். டிக்கெட் வாங்கிக்கொண்டு இந்த ஊர்க் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, மூன்று சீசன் வெர்னனின் கைகளையே பார்த்துத் திருடியவன். மூன்றாம் வருஷத்துக் கடைசி ஆட்டத்தில் இவர்கள் என்ன ஆடினாலும் அங்கே முன்கூட்டியே எதிரணி ஆள் வந்து நின்றது. தொழில்முறை அணி ஒன்று வெர்னனைக் கூப்பிடுவதாக இருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு தொலைபேசி அடிக்கவேயில்லை. திருட்டு வெளியே வந்து லோவலின் வேலையும் போயிற்று. இப்போது டிராக்டர் கடையில் இருக்கிறான்.

"அவன் நம்பர் இருக்கா?" என்றாள் மார்னி.

"உனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்தான். நம்பரைக் குடு."

சாவு காத்திருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. லோவலும் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தான். மார்னி அதை வாங்கி அடுப்பின் மேல் வைத்தாள். அவன் அறைக்கு வெளியே, நிலைப்படியிலேயே நின்றுகொண்டான். தலை நரைத்து, ஆள் ஒடுங்கிப்போயிருந்தான்.

"திருட வர்றப்போ கழுத்துல பெரிய தூரக் கண்ணாடி மாட்டிட்டு வருவியே, எங்க அது?" என்றான் டெரல்.

"மாத்தியாச்சுப்பா. இப்போ பேப்பர் படிக்கிற கண்ணாடிதான்."

வலது கை எழுந்தது. காது, மார்பு, மூக்கு. லோவலின் முகத்தில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

"அடப்பாவி மனுஷா, இன்னுமா! அது சும்மாங்க. இவரோட வலது கை எப்பவுமே பொய். அதைப் பாத்தே முதல் சீசன் பூரா ஏமாந்தேன். இடது கை எங்க?"

சில்லிட்டுக் கிடக்கிறதே என்று அந்தக் கையை மார்னிதான் போர்வைக்குள் சொருகி வைத்திருந்தாள். போர்வையை விலக்கினாள். தொடைமேல் இரண்டு விரல்கள் தட்டின. கை மூடி, மெல்ல வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டது. மறுபடியும் தட்டியது. போர்வைக்குள் எத்தனை நாளாகத் தட்டியதோ.

லோவல் அந்த விரல்களையே பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இது டெரலுக்குத் தெரிஞ்சிருக்காது. நடுவுல நிக்கிறவனுக்கு இந்தச் சைகை கிடையாது. ஓரமாத் தள்ளி நிக்கிற பசங்களுக்கு."

"என்னங்க சொல்றாரு?"

"தள்ளி நிக்காதே, கிட்ட வான்னு. அவ்வளவுதாங்க."

மார்னி கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். மாத்திரை, விரிப்பு, பஞ்சு, பாத்திரம் என்று இத்தனை வாரமும் இந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் மடித்த துண்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. பஞ்சைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறி அப்பாவின் தோளில் தலையை வைத்துப் படுத்தாள்.

"வந்துட்டேன்பா. மக்கு நான். வந்துட்டேன்."

இடது கை தட்டுவதை நிறுத்தி அவள் கைமேல் கிடந்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைவதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது. அவள் எழுந்து பார்த்தபோது நிலைப்படியில் யாரும் இல்லை.

அடக்கத்தன்று பழைய பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரிய அணிகளுக்கு ஆடியவர்கள், ஆட ஆசைப்பட்டு ஊரோடு நின்றுபோனவர்கள், எல்லோருமே கல்லூரிச் சட்டை போட்டுக் குழியைச் சுற்றித் தோளோடு தோளாக நின்றார்கள். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அப்பால், சாலையோரம் தன் வண்டிப் பக்கத்தில் லோவல் நின்றிருந்தான்.

"அங்க பாரு, இன்னும் தூரத்துலேர்ந்தே வேவு பாக்குறான்" என்று டெரல் முணுமுணுத்தான்.

போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். மார்னி குனியவில்லை. தொடைப் பக்கம் தொங்கிய இடது கையின் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டினாள். கையை மூடி வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

லோவல் தொப்பியைக் கழற்றிவிட்டு, வேலிக் கதவைத் திறந்து, புல்லின் மேல் நடந்து வர ஆரம்பித்தான்.